கொடி வணக்கமும் மன வணக்கமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் ஏறிப் பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஓர் இரயில்வே குமாஸ்தாவை ஏற்றிவிட்டது செயற்குழுவின் பெருந்தன்மை. கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை என்னுடையது; மேடையில் பேசிப் பழகிய நா அன்று. ஆகவே சொல்லலங்காரத்தை எதிர்பாராமல், குற்றம் இருப்பின் பொறுத்தருளுமாறு முதற்கண் வேண்டிக்கொள்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் தேசியக் கொடி. அதன் பெருமையைப் பாடுவதற்காக நான் எழவில்லை. அதனை நம்மைவிட நன்றாகப் பாடியோர் பலர். கொடிக்குச் செலுத்தவேண்டிய மரியாதை முறைகள் சில உள. அம்முறைகளை ஒருவர் அன்பு மிகுதியாலோ அறியாமையாலோ மீறிவிட்டால், அது குற்றமாகுமா? நல்லெண்ணத்தோடு செய்த பிழையை நாம் எவ்வாறு கொள்ளவேண்டும்? இவ்வினாவையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவ்வினா என் மனத்தில் எழுந்த காரணத்தை நீங்கள் அறிவீர்கள். 2025 ஜனவரி 26 அன்று விடியற்காலையில் நம் காலனிப் பெண்மணிகள் சிலர் நான்கு மணிக்கே எழுந்து, விழா மண்டபத்தின் வாயிலில் மூவண்ணப் பொடி கொண்டு பெரியதொரு கொடிக் கோலம் இட்டனர். நடுவில் அமைந்த சக்கரத்தின் இருபத்துநான்கு ஆரங்களையும் எண்ணி எண்ணி வரைந்தவள் பத்து வயதுச் சிறுமி. கொடியேற்ற வந்தோர் அனைவரும் பாராட்டினர். அப்போது, படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அங்கு வந்தார். கோலத்தின் ஓரத்தில் காலடித் தடங்கள் பதிந்திருக்கக் கண்டார். "கொடியைத் தரையில் வரைந்து மிதிக்கிறீர்களே, இது தேச அவமதிப்பு அல்லவா?" என்று உரத்த குரலில் கேட்டார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. முடிவில் யாரோ ஒருவர் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கோலத்தைக் கழுவிவிட்டனர். வண்ணங்கள் மூன்றும் கலந்து சாக்கடையை நோக்கி ஓடின. அச்சிறுமி அன்று கொடி வணக்கத்துக்கு நிற்கவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றுமுதல் இரு வீட்டாரும் பேசுவதில்லை. சித்திரைப் புத்தாண்டிற்கும் ஒருவர் வீட்டுப் பாயசம் மற்றவர் வீட்டுக்குப் போகவில்லை.

இரு வீட்டாரின் இசைவைப் பெற்ற பின்னரே இதனை இங்கே கூறுகிறேன். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் நீதிபதி அல்லன். ஆயினும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் நானே ஒரு பெரும்பிழை செய்தவன் என்பதனால், இது பற்றிப் பேச எனக்குக் கடமை உண்டு என்று எண்ணுகிறேன்.

என் தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தார். அதனால் எனக்கு இரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதலில் நான் அமர்ந்தது, இங்கிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஒரு சிறு சந்திப்பு நிலையத்தில். அங்கும் நம்மைப்போலவே தமிழ்க் குடும்பங்கள் சில இருந்தன. அவற்றுள் ஒன்று, தண்டவாளத்தைப் பார்வையிடும் கீமேன் ஒருவருடையது. வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர். எழுதப் படிக்க அறியாதவர். தோளில் சுத்தியும் கையில் சுருட்டிய சிவப்புக் கொடியுமாக நாள்தோறும் தம் பகுதித் தண்டவாளம் முழுவதும் நடந்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்குவதே அவர் தொழில். என் தந்தையாரை அறிந்தவராதலால் என்னைத் 'தம்பி' என்றே அழைப்பார்.

2007 ஆகஸ்ட் 15 அன்று அக்குடியிருப்பில் சுதந்திர நாள் விழா. கொடிக்கம்பம் நட்டுச் சுண்ணாம்பு பூசி, கொடியை மடித்து, உள்ளே பூவிதழ்களை வைத்து, மேலே ஏற்றிக் கட்டிவைக்கும் பொறுப்பை அவர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார். பொழுது விடியுமுன்னே குளித்துத் திருநீறணிந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவாமிக்குச் செய்வதுபோல் அவ்வேலையைச் செய்தார். மணி எட்டாயிற்று. விருந்தினராக வந்த அதிகாரி கயிற்றை இழுத்தார். பூ உதிர்ந்தது, கொடி விரிந்தது, பச்சை மேலேயும் காவி கீழேயுமாக!

ஒரு கணம் எல்லாரும் வாயடைத்து நின்றனர். பின்னர் எழுந்த கூச்சலை நான் வருணிக்க வேண்டியதில்லை. "தேசத் துரோகி" என்ற சொல்லையும் ஒருவர் சொன்னார். அப்பெரியவர் கம்பத்தின் அடியில் கைகூப்பி நின்றார். மறுநாள் மேலிடத்துக்கு ஒரு புகார் மனு அனுப்பவேண்டும் என்று சிலர் கூடி முடிவு செய்தனர். அழகாக எழுதக்கூடியவன் யார் என்று தேடி என்னிடம் வந்தனர். எனக்கு அப்போது இளமை. நாட்டுப்பற்று என்னும் பெயரால் எதைச் சொன்னாலும் சூடேறும் வயது. 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லையும் சேர்த்து, முத்து முத்தான எழுத்தில் அம்மனுவை எழுதிக் கொடுத்தவன் இந்தப் பாவிதான்.

விசாரணை நடந்தது. எச்சரிக்கையோடு அவரை விட்டுவிட்டனர். ஆனால் அதன்பின் குடியிருப்பின் எந்த விழாவுக்கும் அவர் வரவில்லை. அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றபோது, தமக்கு நடக்கவிருந்த பிரிவுபசாரத்தையும் வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

ஓய்வூதியத் தாள்களை நிரப்பிக்கொள்ள அவர் என் மேசைக்கு வந்தார். வேலை முடிந்தும் எழுந்து போகவில்லை. சற்றுத் தயங்கியபின், "தம்பி, ஒன்று கேட்கவேண்டும். பிரித்துப் பார்த்தால் காவி மேலே என்று எனக்கும் தெரியும். மடித்துக் கட்டிவிட்ட பின்னே எந்தப் பக்கம் மேலே என்று எப்படிக் கண்டுகொள்வது? பேரப்பிள்ளைகளுக்காவது சரியாகச் சொல்லித் தரவேண்டும்" என்றார்.

அன்பர்களே, என்னிடம் விடை இல்லை. மனு எழுதிய எனக்குக் கொடியை மடிக்கத் தெரியாது! கூச்சலிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அத்தனை நாள் விசாரணையில் அவரைக் கேள்வி கேட்டவர் பலர்; கற்றுக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை. அவர் தம் தோள்துண்டை எடுத்து என் மேசைமேல் விரித்தார். இருவருமாக மடித்தும் பிரித்தும் பார்த்தோம். காவிப் பக்கத்துக் கயிற்று முனையில் ஒரு சிறு நூலை முன்னதாகவே கட்டிவிட்டால், எவ்வளவு மடித்தாலும் மேல்முனை தெரிந்துவிடும் என்று அவரே கண்டுபிடித்தார். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணியை ஆகஸ்ட் 14 மாலையில் யாரேனும் அவருக்குக் கொடுத்திருந்தால்! மனு எழுதியவன் நான் என்பதை அவரிடம் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை. இன்று சொல்ல அவர் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடி பிடித்த கை, இந்தக் கொடியில் தவறியது ஏன் என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். காரணம் எளிது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு அவர்கள் முன்மொழிந்த தீர்மானத்தால் இன்றைய மூவண்ணக் கொடி நமக்குக் கிடைத்தது. ஆனால் அதன்பின் அரைநூற்றாண்டுக் காலம் வரையில், குறிப்பிட்ட சில நாட்களைத் தவிர ஏனைய நாட்களில் பொதுமக்கள் தம் வீட்டில் அதனை ஏற்றுவதற்கு விதி இடம் தரவில்லை. அலுவலகத்தில் அதிகாரி ஏற்றுவார். நாம் தூர நின்று வணங்குவோம். இராய்கர் நகரில் தம் தொழிற்சாலையில் நாள்தோறும் கொடியேற்றிய நவீன் ஜிந்தால் என்னும் தொழிலதிபரை அதிகாரிகள் தடுத்தனர். அவர் நீதிமன்றம் சென்றார். 1995-இல் டில்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடி விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பொதுமக்கள் எல்லா நாட்களிலும் கொடியேற்ற வழி செய்தது. மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமையைச் சார்ந்ததே, ஆயினும் அது தக்க கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 2004 ஜனவரி 23 அன்று உச்சநீதிமன்றமும் கூறியது. இவ்வாறு உரிமை நம் கைக்கு வந்தது. பழக்கம் உடன் வரவில்லை. அறுபது வயதில் முதன்முதலாகக் கொடிக்கயிற்றைத் தொட்டவர் தவறுவதில் வியப்பென்ன?

அப்படியானால் முறைகளே தேவையில்லையா, அன்பு ஒன்றே போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நான் அவ்வாறு சொல்லவில்லை.

இரயில்வேயில் இருப்பவர்க்குக் கொடியின் விதி என்றால் என்ன என்பது தெரியும். கார்டு காட்டுவது பச்சையா சிவப்பா என்பதில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அங்கே பிழை செய்தவரின் மனம் நல்லதா கெட்டதா என்று தண்டவாளம் பார்ப்பதில்லை. தேசியக் கொடி தலைகீழாகப் பறந்தால் எந்த வண்டியும் கவிழ்வதில்லை. எனினும் அதற்கும் விதி வேண்டும். அது யாதெனில், இந்தக் காலனியில் தமிழர் உண்டு; கன்னடர், தெலுங்கர், மராத்தியர், இந்தி பேசுவோர் உண்டு. கும்பிடும் கடவுளும் உண்ணும் உணவும் வேறு வேறு. இத்தனை பேரும் ஒரே விதமாகச் செய்யும் செயல்கள் மிகச் சில; அவற்றுள் ஒன்று கொடி வணக்கம். அவரவர் அன்புக்கு ஏற்ப அவரவர் ஒரு முறையை வைத்துக்கொண்டால், அது அவரவர் கொடி ஆகுமேயன்றி நம் எல்லார்க்கும் பொதுவான கொடி ஆகாது. அந்தப் பொதுமையைக் காப்பதற்கே முறைகள்.

மேலும், அம்முறைகளின் பின்னே உயிர்த்தியாகம் இருக்கிறது. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடியால் வீழ்ந்தார், மறுநாள் உயிர்நீத்தார். அவர் ஏந்தியது இராட்டை பொறித்த கொடி. அதற்கு அன்று அரசாங்க விதித்தொகுப்பு எதுவும் இல்லை. ஆனால் அது தரையில் வீழலாகாது என்பதை அவருக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இன்று நாம் ஏட்டில் படிக்கும் விதி, அத்தகையோர் நெஞ்சில் இருந்த உணர்வின் எழுத்து வடிவமே. இம்முறைகளை வெறும் சடங்கு என்று எள்ளுவோர்க்கு இதுவே என் மறுமொழி.

நம் படைவீரப் பெரியவரின் சினத்தையும் இந்த ஒளியில்தான் காணவேண்டும். மறைந்த வீரரின் பேழைமேல் கொடியைப் போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்கவேண்டும். உடலோடு அதனைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்பது விதி. தோழன் ஒருவன்மேல் அக்கொடியைப் போர்த்தியும், பின் எடுத்து மடித்தும் பழகிய கண்கள், தரையில் அதன் உருவத்தின்மீது காலடித்தடம் கண்டால் துடிக்காமல் என்ன செய்யும்? அவருடைய கோபமும் அன்பின் பிள்ளையே. ஆகவே அன்று மோதியது பற்றும் பற்றின்மையும் அல்ல, இரண்டு பற்றுகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1971-இல் இயற்றப்பட்ட தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் கொடியை எரிப்பது, சிதைப்பது, மிதிப்பது, சொல்லாலோ செயலாலோ இழிவு செய்வது ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடந்தருகிறது. எதனால் செய்யப்பட்டதாயினும் கொடியின் ஓவியமும் வடிவமும்கூடக் கொடியே என்றும் அச்சட்டம் விளக்குகிறது. ஆகவே, "அது வெறும் கோலந்தானே" என்று நம் பெண்மணிகள் கூறியது முழுவதும் பொருந்தாது. மூவண்ணப் பட்டையும் சக்கரமும் முறையாக அமைந்த கோலம், கொடியின் வடிவமே. அது நடைபாதையில் இருக்கலாகாது.

ஆனால் அதே சட்டத்தின் விளக்கங்களை ஊன்றிப் பார்த்தால் ஓர் அரிய சொல் தென்படும். கொடியைத் தரையிலோ நீரிலோ படவிடுவது பற்றிக் கூறுமிடத்தும், காவி நிறம் கீழே வரும்படி காட்டுவது பற்றிக் கூறுமிடத்தும், 'வேண்டுமென்றே' செய்தால் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கீமேன் பெரியவர் செய்தது இரண்டாவது பிழை. சட்டம் அவரைக் காக்க வைத்திருந்த அதே சொல்லை, அவரைத் தாக்க என் மனுவில் நான் எழுதினேன். அதனை அறிந்த நாள் முதல், மனுவில் அச்சொல்லை எழுத நேர்ந்தால் என் பேனா தயங்குகிறது.

நம் தாயகத்தில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விழாவின்போது, கோயம்புத்தூரில் ஆறடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள பெரிய கேக் ஒன்றை மூவண்ணத்தில் அசோகச் சக்கரத்தோடு செய்து வெட்டினர். ஆயிரக்கணக்கானோர் கூடிய விழா அது. கொடியை வெட்டியதாகும் என்று வழக்குத் தொடரப்பட்டது. 2021 மார்ச் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வழக்கு நடவடிக்கையை நீக்கியது. அவ்விழாவில் கலந்துகொண்டோர் நாட்டைப் பற்றிய பெருமிதத்தோடு திரும்பியிருப்பார்களா, அல்லது நாட்டின் பெருமை குலைந்ததென்று எண்ணித் திரும்பியிருப்பார்களா என்பதையே நீதிமன்றம் கருதிப் பார்த்தது. செயலின் புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு ஒருவரின் நாட்டுப்பற்றை அளக்கலாகாது. உள்ளக் கருத்தே முதன்மையானது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பைக் கேட்டு, "இனிக் கொடியைக் கேக்காகவும் செய்யலாம், கோலமாகவும் போடலாம்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குற்றமில்லை என்பது வேறு. செய்யத்தக்கது என்பது வேறு. பந்தியில் சோற்றைச் சிந்துவதற்குத் தண்டனை இல்லை. அதனால் சிந்தி உண்ணலாம் என்று எந்தத் தாயும் தன் மகனுக்குக் கற்பிப்பதில்லை. சிந்தியதற்காக மகனைத் தெருவில் நிறுத்தி அடிப்பதும் இல்லை.

என் சிற்றறிவுக்கு எட்டியவரை, கொடி முறையில் நேரும் பிழைகள் மூவகை. அறியாமையால் நேர்வது ஒன்று; அதற்கு மருந்து கற்பித்தல். அறிந்தும் அசட்டையால் நேர்வது மற்றொன்று. அதற்கு மருந்து கண்டித்தல். இகழவேண்டும் என்ற கருத்தோடு செய்வது மூன்றாவது, அதற்கே சட்டம். நாம் செய்யும் தவறு, முதல் வகைக்கு மூன்றாவதன் தண்டனையைக் கொடுத்துவிட்டு, நடுவில் உள்ள அசட்டையைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவது. அசட்டை நம் எல்லாரிடமும் இருப்பதனால் அதன்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை.

என்னையே சான்றாகக் கூறுகிறேன். 2022-இல் சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி, ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் கொடியேற்றுமாறு அரசு வேண்டியது. வீடுகளில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என்று அவ்வாண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. நானும் மாடத்தில் ஒரு கொடியைக் கட்டினேன். பதினைந்தாம் நாள் போயிற்று; மழை வந்தது; காற்று வந்தது. ஓரம் நைந்து, காவி வெளிறி, கொடி கம்பியில் சுற்றிக் கிடந்தது. தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோதுதான் என் கண்ணில் பட்டது. சேதமுற்ற கொடியைப் பறக்கவிடலாகாது என்பது விதி. அந்த விதி எனக்குத் தெரியும். அன்று என் வாசலில் வந்து எவரும் கூச்சலிடவில்லை. அந்தப் பத்து வயதுக் குழந்தையின் கோலத்தைவிட என் மாடத்துக் கந்தல்தான் கொடிக்குப் பெரிய இழிவு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாம் வாழும் இந்த ஹுப்பள்ளி நகருக்குக் கொடியின் வரலாற்றிலேயே ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1957-இல் தொடங்கப்பெற்ற கர்நாடகக் கதர் கிராமத் தொழில் சங்கம், பெங்கேரியில் தரச்சான்று பெற்ற தேசியக் கொடிகளைச் செய்து வருகிறது. பாகல்கோட்டைப் பக்கத்தில் நெய்த கதர்த்துணி இங்கே வருகிறது. வெளுத்து, சாயமிட்டு, சக்கரம் அச்சிட்டு, வெட்டித் தைக்கிறார்கள். வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். நம் நாட்டில் பொருள்களுக்கு வகுக்கப்பட்ட தரங்களின் வரிசையில் முதல் எண் தேசியக் கொடிக்கே உரியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இருபத்தோரடி நீளமும் பதினான்கடி அகலமும் உள்ள பெருங்கொடி முதல், ஆறங்குல நீளமுள்ள மேசைக் கொடி வரை ஒன்பது அளவுகள். எல்லாவற்றுக்கும் நீள அகலம் மூன்றுக்கு இரண்டு. சக்கரம் இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தவேண்டும். 2021 டிசம்பரில் பாலியெஸ்டர் கொடிக்கும் இயந்திரக் கொடிக்கும் அனுமதி கிடைத்தபின், கடைகளில் மலிவான கொடிகள் குவிந்தன. அவற்றுள் சக்கரம் கோணியவையும் அளவு தவறியவையும் உண்டு. அவற்றை வாங்குகிறவர் அன்போடுதான் வாங்குகிறார். ஆனால் அன்போடு வாங்குகிறவர் ஒருமுறை விரித்துப் பார்த்து வாங்கலாமே! நல்லெண்ணம் நமக்குப் பொறுப்பைக் குறைப்பதில்லை. கற்றுக்கொள்ளும் கடமையைக் கூட்டுகிறது. முதல்முறை தவறினால் அறியாமை. சொல்லிக் கொடுத்த பின்னும் தவறினால் அது அசட்டை.

ஆகவே நம் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 25 அன்றும் ஆகஸ்ட் 14 அன்றும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கொடியை மடிப்பது, கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டவேண்டும். விறுவிறுப்பாக ஏற்றவேண்டும், மெதுவாக இறக்கவேண்டும் என்பன போன்றவை, கையால் செய்து பழகினால்தான் நெஞ்சில் நிற்கும். இரண்டு: விழா முடிந்த மறுநாள் சிறுவர் குழு ஒன்று தெருவில் கிடக்கும் காகிதக் கொடிகளைச் சேகரிக்கவேண்டும். மூன்று: நைந்த கொடிகளைப் போடுவதற்குச் சங்க அறையில் ஒரு பெட்டி வைக்கவேண்டும். அவற்றைத் தனியிடத்தில், எரித்தோ கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வழியிலோ, முழுமையாக அப்புறப்படுத்த வேண்டும் என்பதே விதி. பெட்டியில் முதலில் விழவேண்டியது என் வீட்டுக் கொடி. அதனை எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு: யாரேனும் பிழை செய்யக் கண்டால், அவர் அருகில் சென்று, தனியே, தாழ்ந்த குரலில் சொல்லுவோம். பிழையைத் திருத்தியபின் அவரையே மறுபடி அச்செயலைச் செய்யச் சொல்லுவோம். கொடி நிமிர்ந்தது, அதோடு மனிதரும் நிமிரவேண்டும்.

கோலத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்று வண்ணத்தில் பூக்களும் மயில்களும் தாமரைகளும் எத்தனை வேண்டுமாயினும் போடலாம். அதனை விதி தடுக்கவில்லை. கொடியின் வடிவத்தையே வரையவேண்டும் என்று ஆசை எழுந்தால், ஒரு பலகையில் வரைந்து, காவி மேலே இருக்கும்படி சுவரில் உயர்த்தி வைப்போம். இருபத்துநான்கு ஆரங்களை எண்ணி வரையக்கூடிய கை நம் காலனியில் ஒன்று இருக்கிறது.

இறுதியாக, படைவீரப் பெரியவர் அவர்களே, கொடியை மடிக்கும் முறையை எங்களில் எவரையும்விட நன்றாக அறிந்தவர் தாங்கள். வரும் விழாவுக்கு முந்திய மாலையில், அம்முறையை எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கள்தாம் கற்பிக்கவேண்டும். முதல் மாணவியாக அந்தச் சிறுமியை அமர்த்திக்கொள்ளுங்கள். அம்மா, குழந்தாய்! தாத்தா உரக்கப் பேசிவிட்டார். உன் வண்ணங்கள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. நீ வா. மறுநாள் காலையில் கொடிக்கயிற்றின் முனையில் அந்தச் சிறு நூலைக் கட்டுவது உன் பொறுப்பாக இருக்கட்டும்.

நான் ஒருவருக்குக் கொடுக்கத் தவறிய கால் மணி நேரத்தை நம் சங்கம் இவ்வாறு இன்னொருவருக்குக் கொடுக்குமானால், என் நெஞ்சின் பாரம் சிறிது குறையும். 

வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!